பெரியக்கா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கடிதம் முடிவதற்குள் அது பொய் என்று உனக்கே தெரிந்துவிடும். அதனால் என் நலத்தை விடு. நீ எப்படி இருக்கிறாய்? இஞ்சின் அறைச் சூட்டில் உடம்பு வெந்துபோகாமல் தண்ணீர் நிறையக் குடி. நடுக்கடலில் போன் கிடைக்காது என்பதால் கம்பெனி விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வரும் என்றார்கள்.

பாப்பா விஷயமாகத்தான் எழுதுகிறேன். அவள் அந்தப் பராமரிப்பு இல்லத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. என் முதுகெலும்பில் தட்டு நகராமல் இருந்திருந்தால் நான் அவளை அனுப்பியிருக்கவே மாட்டேன். மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அவளுக்குக் கையும் காலும் வாயும் நான்தான். அம்மா போனபின் கேட்கவே வேண்டாம். நாற்பத்து மூன்று வயது என்று காகிதத்தில்தான் இருக்கிறது. தங்கச்சி என்று பேர்தான், எனக்கு அவள் பாப்பா.

அங்கே அவளைப் பாப்பா என்று கூப்பிடுவதில்லை. முழுப் பெயரைச் சொல்லி, 'ங்க' போட்டுக் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை, நேராக எழுந்து போனாள்.

இல்லம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆறு பேர், ஆறு அறை. சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. யார் என்றைக்குக் காய் நறுக்குவது, யார் மேஜை துடைப்பது என்று அதில் படம் ஒட்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்கு நேராகப் பாப்பாவின் போட்டோவும் ஒரு கேரட் படமும். கத்தியை அவள் கண்ணில்கூடக் காட்டாமல் வளர்த்தவள் நான். அங்கே அவள் கத்தி பிடித்துக் கேரட் நறுக்குகிறாள். வட்ட வட்டமாக, ஒன்று தடியாக, ஒன்று காகிதம் மாதிரி. விரலை வெட்டிக்கொண்டாளா என்று பத்து விரலையும் புரட்டிப் பார்த்தேன். இல்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

இதற்கெல்லாம் காரணம் ஒருத்தி. பாப்பாவைக் கவனிக்கப் போட்டிருக்கிற பராமரிப்பாளர். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். குள்ளம். எப்போதும் தொண்டை கட்டின மாதிரி ஒரு குரல். வாயில் புதினா மிட்டாய். எதைக் கேட்டாலும் "அவங்களையே கேட்டுடலாமே" என்பாள். பாப்பாவுக்குக் குளிருமா என்று நான் கேட்டால், பாப்பாவிடம் திரும்பி, "உங்களுக்குக் குளிருதாங்க?" என்று கேட்பாள். நான் அங்கே நாற்காலி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் போனபோது பாப்பாவின் இரட்டைப் பின்னல் இல்லை. காதோரம்வரை கிராப். முப்பத்தைந்து வருஷம் தினமும் காலையில் நான் பின்னிய பின்னல். யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று கத்தினேன். "அவங்கதான் கேட்டாங்க. மூணு வாரமா கேட்டுட்டே இருந்தாங்க. இழுத்துப் பின்னினா வலிக்குதாம்" என்றாள். ஒரு நாளாவது வலிக்கிறது என்று பாப்பா என்னிடம் சொன்னதுண்டா? இவளிடம் சொல்லியிருக்கிறாள்.

பாப்பாவின் அறையில் ஒரு ஃபைல் இருக்கிறது. பிடித்தது, பிடிக்காதது என்று பாப்பா சொல்லச் சொல்ல அந்தப் பராமரிப்பாளர் எழுதியதாம். குளிக்கும்போது யாரும் உள்ளே வரக்கூடாது, அக்கா கதவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று ஒரு வரி. அக்கா என்றிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பிறகுதான் புரிந்தது, அந்த அக்கா நான் இல்லை. அவளைத்தான் பாப்பா அக்கா என்று கூப்பிடுகிறாள். தன்னைவிடப் பத்து வயது சின்னவளை! அப்படியானால் நான் யாரடி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நீ பெரியக்கா" என்றாள். ஏதோ பதவி உயர்வு கொடுத்த மாதிரி.

போன சனிக்கிழமை பாப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவள் கட்டிலுக்குப் புது உறை போட்டு வைத்திருந்தேன். ராத்தங்கட்டும் என்று ஆசை. அவளோ நாலு மணி பஸ்ஸில் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். "நாளைக்கு எனக்கு டியூட்டி" என்று சொல்கிறாள், உன்னை மாதிரியே. கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் ஐந்தரை பஸ்ஸில் கொண்டுபோய் விட்டேன்.

சொல்ல வந்தது இதுதான். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது, கேரட் கழுவ அவள் சட்டைக் கையைச் சுருட்டினாள். மேல்கையில் நான்கு விரல் பதிந்த நீலம். யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். நான் சும்மா விடுவேனா? அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர்களுக்காக மனு எழுதிய கை இது. ஒரு வரி வீண் போகவில்லை. அந்தப் பராமரிப்பாளரின் பேரையே குறிப்பிட்டு எழுதினேன்.

நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கொள்கிறேன். எப்போதும் நான்தானே பார்த்துக்கொண்டேன்.

அன்புடன்,
உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. தைரியமாக இரு என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். ஏன் என்று கடைசியில் தெரியும். பாதியில் கிழித்துப் போட்டுவிடாமல் முழுக்கப் படி.

புகார் கொடுத்த மறுநாளே அந்தப் பராமரிப்பாளரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை அப்படித்தானாம், அதுதான் விதியாம். இல்லப் பொறுப்பாளர் அம்மா போனில் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் மின்விசிறி போட்ட மாதிரி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி துவைத்தேன்.

இனி பாப்பா என்னிடம் திரும்பிவிடுவாள் என்றுதான் கணக்குப் போட்டேன். தினமும் போனேன். முதுகு வலிக்கு பெல்ட் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி. அவளோ வாசல் பக்கத்து நடையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலில் ஷூவோடு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மாற்றாக வந்த பெண் நல்லவள்தான். அவள் கூப்பிட்டால் பாப்பா சாப்பிட வருவாள், சாப்பிட்டுவிட்டு மறுபடி நாற்காலி. துண்டு மடிக்கப் போகவில்லை. யார் உள்ளே வந்தாலும் "அக்கா எப்ப வரும்?" நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா இங்கதானே இருக்கேன்" என்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ பெரியக்கா" என்றாள்.

செத்தவளுக்காக ஏங்கினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எட்டு மாதப் பழக்கத்துக்காக ஏங்குகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு முதுகு ஆபரேஷன் நடந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அப்போது இவள் இப்படி ஷூ போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாளா என்று பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்கலாமா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

ஒரு வாரம் கழித்து வெளியிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கடுமையான ஜலதோஷம், பேச்சுக்குப் பேச்சு மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதலில் பாப்பாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். நானும் கூட உட்காருகிறேன், அவளுக்குக் கோர்வையாகச் சொல்லத் தெரியாது, நான் எடுத்துச் சொல்கிறேன் என்றேன். "நீங்க கூட இருக்கலாமான்னு அவங்களைக் கேட்டேங்க. வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார். சாதாரணமாகச் சொன்னார், மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி. முக்கால் மணி நேரம் கதவு சாத்தியிருந்தது. நான் நடையில், பாப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் படம் போட்ட அட்டைகள் கிடந்தன. கை, பஸ், வீடு, அழுகிற முகம். அவற்றை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் சனிக்கிழமை உங்க வீட்ல என்ன நடந்தது?"

தம்பி, இனிமேல் நான் எழுதுவதை நீ எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி.

அன்றைக்கு மூன்றரை மணிக்கே அவள் ஷூவை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். இன்றைக்கு இங்கேயே இரு பாப்பா என்று கெஞ்சினேன். "மாட்டேன். அக்கா காத்திட்டிருக்கும்" என்றாள். அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. படியிறங்கப் போனவளை மேல்கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். விடு என்றாள். விடவில்லை. வலிக்குது என்றாள். அப்போதும் விடவில்லை. தெருமுனையில் நாலு மணி பஸ் வந்து போகும் சத்தம் கேட்டபின்தான் விட்டேன். அவள் சத்தம் போடாமல் அழுதாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நீலத்தைப் பார்த்தபோது என் கை என்று எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது அவள் முகம்தான், அந்தப் புதினா மிட்டாய்க்காரி. புகாரை எழுதும்போதும் எனக்குத் தெரியாது. எழுதி முடித்து, திரும்பப் படித்து, கீழே கையெழுத்துப் போடும்போது தெரிந்துவிட்டது. தெரிந்துதான் போட்டேன்.

அந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் தப்பிக்க வழி இருந்தது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நடந்ததையும் நடக்காததையும் கலந்து சொல்லுவா" என்றால் போதும். எத்தனை தடவை சொன்ன வார்த்தை! பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன், பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன், டாக்டரிடம் அவள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நம்பினார்கள். இவரும் நம்பியிருப்பார், அல்லது நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. நான் வாயைத் திறந்தும்விட்டேன்.

அப்போது அவர், "உங்க தங்கச்சி சொன்னதை எழுதி வெச்சிருக்கேன். படிச்சுக் காட்டி, அவங்க கையெழுத்தும் வாங்கியாச்சு" என்று ஒரு தாளைத் திருப்பினார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க விடவில்லை, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். கடைசி வரி மட்டும் தெரிந்தது. பாப்பாவின் பெயர். ஒரு எழுத்து பெரிதாக, ஒன்று சின்னதாக, கடைசிப் புள்ளி மட்டும் எங்கேயோ தள்ளி.

அவளுக்குப் பேர் எழுதத் தெரியும் என்று எனக்குத் தெரியாது தம்பி. ரேஷன் அட்டையிலிருந்து இல்லத்தில் சேர்த்த ஃபாரம்வரை, நான்தான் அவள் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, காகிதத்தில் உருட்டி எடுப்பேன். பிறகு அந்த விரலை என் புடவைத் தலைப்பில் துடைப்பேன். உட்கார்த்திவைத்து அந்த ஐந்து எழுத்தைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா? ஊர்ப் பிள்ளைகளின் பேரையெல்லாம் ரிஜிஸ்தரில் எழுதியவள் நான். சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்கவே தேவையில்லை. அந்த நிமிஷத்திலும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, பொறாமைதான். அவள் முந்திக்கொண்டுவிட்டாள் என்று.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே, "நான்தாங்க பிடிச்சேன்" என்றேன். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முதல்லேருந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியவில்லை. உன்னை விட்டால் இதை எழுத எனக்கு ஆள் இல்லை. திட்டி ஒரு கடிதம் போடு. போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

நீ திட்டவில்லை. "நானும் கப்பல் கப்பல் என்று ஓடி எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். அப்படி எழுதி என்னைத் தப்பவிடாதே. நீ அருகில் இருந்திருந்தாலும் நான் அவளை உன்னிடம் விட்டிருக்க மாட்டேன்.

விசாரணை முடிந்துவிட்டது. அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்து, பதினெட்டு நாள் கழித்து வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். என் விஷயத்தில் பாப்பாவையே கேட்டு முடிவு செய்தார்களாம். பெரியக்கா வரலாமா? வரலாம். வீட்டுக்கு அழைத்துப் போகலாமா? வேண்டாம். தனியாகப் பார்க்கலாமா? வேண்டாம். ஆக, ஒருவாரம் விட்டு ஒருவாரம் சனிக்கிழமை, மூன்றிலிருந்து நாலு, பொதுக்கூடத்தில், யாராவது ஒருவர் கூட இருக்க. மூன்று மாதம் கழித்து மறுபடி அவளைக் கேட்பார்கள். கூட யார் இருக்க வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள். யாரைச் சொல்லியிருப்பாள், நீயே சொல்.

நான் முதலில் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சலவைக்கூடத்தில் போர்வைகளை உதறிக்கொண்டிருந்தாள். என்னை மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். நேரில் சொல்லும்போது இரண்டு வார்த்தைதான் வந்தது. அவள் போர்வையை மடித்து வைத்துவிட்டு, "பதினெட்டு நாள் வீட்ல உக்காந்திருந்தேங்க. ஏன் வேலைக்குப் போகலன்னு என் மாமியார் கேட்டாங்க. ஒரு பொம்பளைய அடிச்சேன்னு சொல்றாங்கன்னு எப்படிச் சொல்றது? பரவாயில்லன்னு உடனே சொல்ல எனக்கு வாய் வரலங்க" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுத்த போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேருமாக எட்டுப் போர்வை மடித்தோம்.

நேற்றுதான் முதல் சனிக்கிழமை. பாப்பா சிவப்புச் சட்டையில் வந்தாள். எனக்கு எதிர் நாற்காலியில் உட்காருமுன், "பிடிக்க மாட்டே இல்ல?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். "சொல்லு" என்றாள். மாட்டேன் என்று மறுபடி சொன்னேன். அந்தப் பெண் ஜன்னலோரம் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பாப்பா இப்போது துண்டு மடிக்கத் திரும்பவும் போகிறாள். ஒரு நாளைக்கு நாற்பது துண்டாம். விரலை விட்டு எண்ணிக் காட்டினாள், இருபதுக்கு மேல் குழம்பிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். நீலமெல்லாம் மறைந்து கை வெளுத்துவிட்டது. நாலு அடிக்கவும் அவளாகவே எழுந்து, "டைம் ஆச்சு பெரியக்கா" என்றாள். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

பொறாமை போய்விட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். போகவில்லை. நான் வாசலைத் தாண்டும்போது உள்ளே பாப்பா கடகடவென்று என்னவோ சொல்ல, அந்தக் கட்டைக் குரலும் சேர்ந்து சிரித்தது. என்னைப் பற்றியா, கேரட்டைப் பற்றியா தெரியவில்லை. திரும்பிப் போய்க் கேட்காமல் பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். கரை சேர்ந்ததும் வழக்கம்போல அவளுக்கு போன் பண்ணுவாய். இல்லத்து போனுக்குப் பண்ணு, அவளையே கேட்டு வாங்கிப் பேசு. என் பேச்சை நீயாக எடுக்காதே. அவளாக என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் மட்டும் கேட்டுக்கொள். நல்லதாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பூசி மெழுகாமல் அவள் சொன்ன மாதிரியே எனக்கு எழுது. ஒன்றுமே சொல்லவில்லை என்றால் அதையும் எழுது.

நீ எந்தக் கடலில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
பெரியக்கா